40 கிராமுக்காக முன்பக்கத்தைப் பணயம் வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி ரோடு பைக்கை, அதாவது வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிளை, தள்ளிக்கொண்டு என் சைக்கிள் கடைக்கு வந்தார். "அண்ணா, எழுந்து நின்னு மிதிச்சா முன்னாடி டிக் டிக்னு சத்தம் வருது. ஹெட்செட் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். ஹெட்செட் என்பது ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங் தொகுப்பு. அதில் ஒரு குறையும் இல்லை. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டான ஸ்டெம்மைக் கழற்றிப் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலிருந்து மேலே போய் ஸ்டெம்முக்குள் நுழையும் ஸ்டியரர் குழாயில், அது கார்பன் இழையால் ஆனது, ஸ்டெம்மின் கீழ் விளிம்பு கடித்த இடத்தில், முடி கனத்துக்கு ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. அந்த வண்டியில்தான் முந்தின ஞாயிறு சென்னையிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) மாமல்லபுரம் வரை போய்த் திரும்பியிருக்கிறார், சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி ஓடும் கூட்டத்துக்கு நடுவில்.

இந்த ஆண்டு இப்படி என் மேசைக்கு வந்த நான்காவது வண்டி இது. நான்கிலும் ஒரே கதை. ஆன்லைனில் வாங்கிய 'லைட்வெயிட் கார்பன் ஸ்டெம்', வீட்டில் ஆலன் கீயை (அறுகோணச் சாவியை) வைத்து முறுக்கி மாட்டியது. பொறுத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 100 மி.மீ. நீளமுள்ள நல்ல அலாய் (அலுமினியக் கலவை) ஸ்டெம் 110 முதல் 130 கிராம் வரும். உண்மையிலேயே இலேசான கார்பன் ஸ்டெம் என்றால் 80, 90 கிராம். மிச்சம் ஏறக்குறைய 40 கிராம். நீங்கள், வண்டி, ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். அதில் 40 கிராம் என்பது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மலைப்பாதையில் ஒரு மணி நேரம் விடாமல் ஏறினால், உங்கள் உழைப்பு முழுவதும் எடையைத் தூக்குவதற்கே போகிறது என்று வைத்துக்கொண்டாலும், மிச்சமாவது இரண்டு விநாடிகூட இல்லை. ஈசிஆர் மாதிரி சமதளத்தில் அதுவும் கிடையாது, அங்கே சண்டை காற்றோடு மட்டும்தான். பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர் குறைத்து நிரப்பினாலே அந்த 40 கிராம் இறங்கிவிடும்.

"பந்தய வீரர்கள் போடுகிறார்களே?" என்று கேட்பார்கள். உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐயின் விதிப்படி பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது. 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் விதி. அந்த எல்லையைத் தொட்டுவிட்ட பிறகு ஸ்டெம்மில் கிராம் குறைத்து ஆவது ஒன்றுமில்லை. அதனால் தொழில்முறை வீரர்களிலேயே பலர் வெகுகாலம் அலாய் ஸ்டெம்மோடுதான் ஓடினார்கள்.

இன்னொன்று, கார்பன் பின்னல் தெரிவதெல்லாம் கார்பன் ஸ்டெம் இல்லை. அலுமினிய ஸ்டெம்மின் மேல் மெல்லிய கார்பன் துணியைச் சுற்றிப் பளபளவென்று வார்னிஷ் அடித்து விற்பவை ஏராளம். ஹேண்டில்பாரை முன்னாலிருந்து பிடிக்கும் மூடியான ஃபேஸ்பிளேட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள், உலோகம் தெரியும். அதனால் ஆபத்து என்று சொல்லவில்லை, ஆனால் சாதாரண அலாயைவிடக் கனமாகவே இருக்கும். சமையலறைத் தராசில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். நான் பயப்படுவது வேறு வகைக்கு: பெரிய பிராண்டின் ஸ்டிக்கர், ஐந்தில் ஒரு பங்கு விலை. அதன் உள்ளே எத்தனை அடுக்கு இழை, எந்தத் திசையில் போட்டார்கள், இழைகளை ஒட்டும் ரெசின் பசை முழுதாக இறுகியதா, வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. சைக்கிள் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 என்ற தர அளவு இருக்கிறது, அதில் ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் ஆயிரக்கணக்கான தடவை அழுத்தி இழுத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை பற்றி ஒரு வரிகூட எழுதாத விற்பனையாளரிடம் ஸ்டெம் வாங்காதீர்கள். அவரிடம் பாட்டிலை மாட்டும் கேஜ் வேண்டுமானால் வாங்குங்கள், உடைந்தால் பாட்டில்தான் விழும்.

இனி எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயம். "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்கண்ணா, சேஃப்டிக்கு." இந்த ஒரு வாக்கியம் உடைத்த ஸ்டியரர்களுக்குக் கணக்கில்லை. டைட் அதிகமானால் பாதுகாப்பு அதிகம் என்பது இரும்பு வண்டியில் பழகிய புத்தி. இரும்பு நெளியும், அலுமினியம் பெரும்பாலும் முதலில் வளைந்து காட்டும். கார்பன் எதையும் காட்டாது. உள்ளே அடுக்கு பிரிந்தாலும் மேலே பளபளப்பு அப்படியே இருக்கும், ஒரு நாள் ஒரே நொடியில் விட்டுவிடும். ஸ்டெம்மில் '5 Nm' என்று பொறித்திருப்பது உச்ச வரம்பு. எட்டியே ஆகவேண்டிய இலக்கு என்று அதை நினைக்காதீர்கள். 5 நியூட்டன் மீட்டர் எவ்வளவு தெரியுமா? பத்து சென்டிமீட்டர் நீளக் கீயின் முனையில் ஐந்து கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு, அவ்வளவுதான். வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குகிற கை அதைப்போல் இரண்டு மடங்கைச் சாதாரணமாகத் தாண்டும். இருபத்தைந்து வயதுப் பையன் கையானாலும் சரி, என் கையானாலும் சரி. இத்தனை வருடம் இதே வேலை செய்தும் நான் கைக்கணக்கில் கார்பனைத் தொடுவதில்லை. முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் எடுக்காமல் ஒரு போல்ட்டும் மூடுவதில்லை. ஃபோர்க் கம்பெனி ஒரு எண், ஸ்டெம் கம்பெனி ஒரு எண், ஹேண்டில்பார் கம்பெனி ஒரு எண் கொடுத்திருக்கும். ஒன்றோடொன்று சேருகிற இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு.

"அப்படி விட்டால் ஹேண்டில்பார் வழுக்குதே?" வழுக்கினால், பிடிப்புக்காக விற்கும் கார்பன் பேஸ்ட் தடவுங்கள். மணல் கலந்தது போல நறநறவென்று இருக்கும், அந்தப் பொடிதான் பிடித்துக்கொள்கிறது. கிரீஸ் தடவாதீர்கள். தடவிவிட்டு, வழுக்குகிறது என்று இன்னும் முறுக்காதீர்கள்.

சத்தத்தோடு வந்த தம்பியின் வண்டியில் இன்னொரு தவறும் இருந்தது. கார்பன் ஸ்டியரருக்குள் ஒரு எக்ஸ்பாண்டர் பிளக் போகும். ஸ்டெம் வெளியிலிருந்து நெருக்கும்போது குழாய் நசுங்காமல் உள்ளிருந்து தாங்குவது அதன் வேலை. எனவே ஸ்டெம் பிடிக்கும் உயரத்துக்கு நேராக அது இருக்கவேண்டும். அவருடையது அந்த இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கிக் கிடந்தது. ஐந்து வருடம் அனுபவமுள்ள மெக்கானிக்குகளே இதைக் கவனிக்காமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். அதேபோல் ஸ்டெம்மின் உச்சி மூடியான டாப் கேப்பின் போல்ட்டை முறுக்கி ஸ்டெம்மை 'டைட்' செய்பவர்களும் இருக்கிறார்கள். அந்த போல்ட் ஹெட்செட் பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும்தான். ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்து, பிறகு பக்கவாட்டு போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவேண்டும். ஃபேஸ்பிளேட் நான்கு போல்ட் என்றால் குறுக்காக. மேலேயும் கீழேயும் இடைவெளி சமமாக வரவேண்டும், கம்பெனி வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர.

வாங்குவது என்று முடிவே செய்துவிட்டால், நீளத்தையும் கோணத்தையும் முதலில் தெரிந்துகொண்டு வாங்குங்கள். விலை குறைந்த அலாய் ஸ்டெம்மில் 90, 100, 110 மி.மீ. என்று சில வாரம் ஓட்டிப் பாருங்கள். 6 டிகிரி ஸ்டெம்மைத் தலைகீழாக மாட்டினாலே ஹேண்டில்பார் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் ஏறவோ இறங்கவோ செய்யும், செலவே இல்லை. முதுகுவலி, மணிக்கட்டு மரத்துப்போவது என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டெம்மின் நீளம்தான் தப்பு. அதைக் கார்பன் சரிசெய்யாது. பிறகு அளவு: இன்றைய ரோடு பைக்குகளில் பெரும்பாலும் ஸ்டியரர் 28.6 மி.மீ., ஹேண்டில்பார் 31.8 மி.மீ. பழைய வண்டியின் 26 மி.மீ. ஹேண்டில்பாரை டின் தகடு சுற்றி 31.8 ஸ்டெம்மில் மாட்டி ஒருவர் கொண்டுவந்தார். கும்பிட்டுக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

விழுந்து எழுந்த வண்டியில் ஸ்டெம்மையும் ஸ்டியரரையும் பிரித்துப் பார்க்காமல் ஏறாதீர்கள். 2006-இல் பிரான்சின் பாரி–ரூபே சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காபி முதலில் ஒருமுறை விழுந்து, எழுந்து ஓட்டினார். பிறகு கல் பாவிய சாலையில் ஸ்டியரர் முறிந்து, கைப்பிடி கையோடு வர, தரையில் போய் விழுந்து தோள்பட்டையில் காயம்பட்டார். அது கார்பன்கூட இல்லை, அலுமினியம்.

வியர்வையையும் மறக்காதீர்கள். டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் கருவியில்) வீட்டுக்குள் ஓட்டுபவர்களின் ஸ்டெம் போல்ட்களை நான் திறக்கும்போது பூத்துப் போயிருக்கும். கார்பனும் அலுமினியமும் உப்புநீரும் சேர்ந்தால் அரிப்பது அலுமினியத்தைத்தான். ஓட்டி முடித்ததும் ஈரத் துணியால் துடையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

அந்தத் தம்பிக்குப் புது ஃபோர்க் போட வேண்டியதாயிற்று. ஸ்டெம்மில் மிச்சப்படுத்த நினைத்ததைப் போல் பல மடங்கு செலவு. இப்போது 118 கிராம் அலாய் ஸ்டெம்மில் ஓட்டுகிறார். உங்கள் முன்பக்கத்தில் சத்தம் வந்தால், சந்தேகம் வந்தால், சனிக்கிழமை சாயங்காலமே வண்டியைக் கொண்டுவாருங்கள். டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம், அதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்குத் திருவான்மியூரில் நின்றுகொண்டு ஃபோன் செய்தால், "வீட்டுக்குத் திரும்பிப் போங்கள்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். தயவுசெய்து திரும்பிப் போங்கள்.