புல் ஊட்டப்பட்ட மாடா, புல்தீனி மாடா?

அமெரிக்காவில் குடும்பமாக மாடும் செம்மறியும் வளர்க்கிறவர்களைப் பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் 'புல் ஊட்டப்பட்ட மாட்டிறைச்சி' என்று வந்து நிற்கிறது. 'கிராஸ்ஃபெட்' (grass-fed) என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி ஒட்டிய தொடர் இது. மாட்டுக்கு யார் புல் ஊட்டுகிறார்கள்? ஊட்டுவது என்றால் தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது. மாடு வளர்ப்பவர்களிடம் இந்தச் சொல்லுக்கு வேறு வேலையும் இருக்கிறது, கன்று ஊட்டிவிட்டது என்றால் மடியில் பால் குடித்துவிட்டது என்று பொருள்.

ஆங்கிலத்தில் ஃபீட், ஃபுட் இரண்டும் ஒரே வேர். நம்மிடம் தின், தீனி. 'கிராஸ்ஃபெட்' சொல்வது அந்த மாடு எதைத் தின்று வளர்ந்தது என்பதை மட்டும்தான், யார் கொடுத்தார்கள் என்பதை அல்ல. ஆகவே புல்தீனி மாடு, புல்தீனி இறைச்சி. அவ்வளவுதான்.

ஆனால் 'மேய்ச்சல் மாடு' என்பதே நல்ல தமிழ், அதை விட்டுவிட்டு ஏன் புதுச்சொல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல தமிழ்தான், பொருள்தான் வேறு. அமெரிக்காவின் வட மாநிலமான மொன்டானா மாதிரி இடத்தில் குளிர்காலத்தில் தரையெல்லாம் பனி. அப்போது மாடு எங்கே மேயும்? கோடையில் அறுத்துக் காயவைத்துக் கட்டிய உலர்புல்லைத்தான் போடுகிறார்கள், அதைத் தின்றாலும் அது கிராஸ்ஃபெட் மாடுதான். அமெரிக்க வேளாண் துறை 2007-இல் வகுத்த வரையறையே அப்படித்தான் இருந்தது: கன்றாக இருக்கையில் குடித்த பால் தவிர வாழ்நாள் முழுக்கப் புல்லும் தழைத்தீவனமும் மட்டுமே, தானியம் கூடாது, புல் வளரும் பருவத்தில் மேய்ச்சல் நிலத்துக்குப் போக வழி இருக்க வேண்டும், உலர்புல் போடலாம். (2016 ஜனவரியில் அந்த வரையறையை அந்தத் துறையே விலக்கிக்கொண்டது வேறு விஷயம்.) மறுபக்கம், நாளெல்லாம் மேய்கிற மாட்டுக்கு மாலையில் மக்காச்சோளம் வைத்தால் அதுவும் மேய்ச்சல் மாடுதான், ஆனால் கிராஸ்ஃபெட் ஆகாது. அங்கே பெரும்பாலான மாடுகள் சின்ன வயதில் மேய்ந்து திரிந்துவிட்டுக் கடைசிச் சில மாதங்களைக் கொழுக்கவைக்கும் கொட்டடியில் தானியம் தின்று கழிக்கின்றன. அவற்றையும் மேய்ச்சல் மாடு என்று எழுதிவிட்டால் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர் எதற்குக் கொடுக்கிறார்?

இதோடு 'ஆர்கானிக்' என்பதற்கு எழுதும் 'இயற்கை'யையும் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். ஆர்கானிக் வேறு, கிராஸ்ஃபெட் வேறு. அமெரிக்க ஆர்கானிக் விதிப்படி ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள் மேயவிட வேண்டும், அந்தப் பருவத்தில் பொதுவாக மாடு தின்னும் தீனியில், ஈரத்தைக் கழித்த உலர்எடைக் கணக்கில், 30 சதவீதமாவது மேய்ச்சலில் கிடைக்க வேண்டும். மிச்சம் ஆர்கானிக் மக்காச்சோளமாக இருந்தால் தடையில்லை. ஆர்கானிக்குக் 'கரிம' என்று போடுகிறவர்கள் வேதியியல் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் போல. தமிழ்நாடு அரசு 2023 கொள்கையில் 'உயிர்ம வேளாண்மை' என்றுதான் எழுதியது, தெளிவான சொல், அதையே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தால் உயிர்மப் புல்தீனி இறைச்சி.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வைக்கோலில்தான். ஆங்கிலத்தில் 'ஹே' (hay) என்று பார்த்தவுடன் வைக்கோல் என்று எழுதிவிடுகிறார்கள். வைக்கோல் நெல்லை அடித்து எடுத்த பிறகு மிஞ்சும் தாள், அதில் சத்து குறைவு. ஹே என்பது பச்சையாக இருக்கும்போதே அறுத்துக் காயவைத்த புல், சத்துள்ள தீனி. மொன்டானாவில் நெல் ஏது? அப்புறம் 'ஷீப்' வந்தால் வெறும் 'ஆடு'. படிக்கிறவர் வெள்ளாட்டை நினைத்துக்கொள்வார், செம்மறி என்று எழுத என்ன தடை? பசுந்தீவனம், உலர்தீவனம், அடர்தீவனம் என்று கால்நடை மருத்துவர்கள் தினமும் பேசுகிற சொற்கள் கையெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. மொழிபெயர்ப்பவர்கள் மாடு வளர்க்கிற ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினாலே 'ஊட்டப்பட்ட' என்று எழுதக் கை வராது.