முதுமையில் தாகம் ஏன் மங்குகிறது?

மருத்துவமனையில் படுத்திருக்கும் 78 வயதுத் தாயார் தண்ணீரே கேட்பதில்லை, கொடுத்தாலும் இரண்டு மடக்கோடு போதும் என்கிறார், தாகமில்லாதவரை வற்புறுத்தலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். தாகமில்லை என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் உடலுக்கு நீர் போதும் என்று அதற்குப் பொருள் இல்லை.

உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு கூடும். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியை ஒட்டி, இதை அளப்பதற்கென்றே நரம்பணுக்கள் உள்ளன. இரத்தத்திலிருந்து மூளையைக் காக்கும் தடுப்பு அவ்விடத்தில் தளர்ந்திருப்பதால் இரத்தத்தின் செறிவு அவற்றை நேரடியாக எட்டுகிறது. உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதுபோல, செறிவு ஏறும்போது அவையும் நீரை இழந்து சுருங்குகின்றன. அந்தச் சுருக்கம் சவ்விலுள்ள நுண்வாயில்களைத் திறக்க, மின்குறிப்பு பிறக்கிறது. 1 அல்லது 2 சதவீத உயர்வே இதற்குப் போதும். அக்குறிப்பு ஒருபுறம் தாகமாக உணரப்படுகிறது. மறுபுறம் வாசோப்ரெசின் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்து, நீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. ஒரு நரம்பணுவின் சுருக்கம் ஒரு மனிதரை எழுந்து பானையருகே நடக்க வைப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

முதுமையில் இது எப்படி மாறுகிறது என்பதை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 1984-இல் காட்டினார்கள். 67 முதல் 75 வயதுவரையான ஆரோக்கியமான ஆண்கள் எழுவரும் இளைஞர்கள் எழுவரும் 24 மணி நேரம் தண்ணீரின்றி இருந்தார்கள். முதியவர்களின் இரத்தச் செறிவு கூடுதலாக ஏறியிருந்தும் அவர்களுக்குத் தாகமும் வாய் வறட்சியும் குறைவாகவே இருந்தன. பிறகு தண்ணீர் கிடைத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். வாசோப்ரெசின் நன்றாகச் சுரந்தது; அதற்கு இணங்கும் திறன்தான் சிறுநீரகத்தில் குறைந்திருந்தது.

உணவும் இதனோடு சேர்ந்ததே. தசையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் என்பதால், தசை கரையும்போது உடலின் நீர்க்கையிருப்பும் கரைகிறது. பத்து நாள் படுக்கையிலேயே இருந்த ஆரோக்கியமான முதியவர்கள்கூடக் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசுவை இழந்ததாக 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் புரதமாவது வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்; கஞ்சித் தண்ணீர் மட்டும் அதற்கு ஈடாகாது.

அதே வழிகாட்டுதல் மூத்த பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டரும் ஆண்களுக்கு 2 லிட்டரும் பானங்கள் வேண்டும் என்கிறது. தோலைக் கிள்ளிப் பார்த்து நீரிழப்பைக் கணிப்பது முதியவர்களிடம் நம்பத்தக்கதன்று என்றும் எச்சரிக்கிறது. பல வார்டுகளில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்கப்படாமல், கை எட்டாத அலமாரியின் மேல் நிற்கிறது. இரவில் கழிப்பறைக்கு யாரை எழுப்புவது என்ற தயக்கத்தில் மாலைக்குப் பிறகு குடிப்பதையே நிறுத்திவிடும் பாட்டிமார்களும் உண்டு. மருந்தாய்வுக்குச் செலவிடும் நிதியில் ஒரு சிறு பங்காவது இத்தகைய படுக்கையோரப் பராமரிப்பை ஆராய ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே வாசகிக்கு என் பதில்: இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு விதித்திருந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, முதலில் அவரிடம் கேளுங்கள். இல்லையெனில் தாகத்துக்காகக் காத்திராமல், தாயாரை நிமிர்த்தி உட்கார வைத்து, மணிக்கொரு முறை அரைத் தம்ளர் மோரோ ரசமோ பாலோ அவருக்குப் பிடித்ததைக் கையிலேயே கொடுங்கள். கழிப்பறைக்கு நான் அழைத்துப் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுங்கள்.