கிழங்குக்குப் பாயிண்ட், ஆளுக்கு?

சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைக்கு மரவள்ளி லோடு வந்தால், கிழங்கு கொழுகொழுவென்று இருக்கிறதே என்று யாரும் விலை பேசுவதில்லை. பாயிண்ட், அதாவது மாவுச்சத்தின் அளவு, பார்ப்பார்கள். மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்குக்கு அடர்த்தி அதிகம். தண்ணீருக்குள் வைத்து எடை போட்டால் கூடுதலாகக் காட்டும். ரேட் அதை வைத்துத்தான். அதே ஆலைக்கு சூப்பர்வைசர் எடுக்கும்போது? "பையன் லட்சணமா இருக்கான், பேச்சும் சுத்தம், போட்டுடலாம்." பத்தே நிமிடம்.

இந்தப் பத்து நிமிடத்தைத் திருத்த, தெரிந்த ஆலைக்காரர் ஒருவருக்கு ஒரு செயலியை வடிவமைத்துக் கொடுக்க உட்கார்ந்தேன். வந்தவரை எப்படி அளப்பது என்பதைவிட, அளப்பவரை எப்படிக் கட்டிப்போடுவது என்பதில்தான் வேலை அதிகம் என்று சீக்கிரமே புரிந்தது.

1920இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் ஒன்றில் நிறைய வாங்கியவர் மற்றவற்றிலும் நிறைய வாங்கியிருந்தார். ஒரு நல்ல அம்சத்தின் வெளிச்சம் மற்றதெல்லாவற்றின் மேலும் விழுந்துவிடுகிறது. ஒளிவட்ட விளைவு என்பது இதுதான்.

சரி, செயலி இதை எப்படித் தடுக்கும்? முதலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" கிடையாது. வேலையிலிருந்தே பிறந்த கேள்வி வேண்டும்: "களத்தில் ஜவ்வரிசி காய்கிறது. திடீரென்று மழை. கையில் இரண்டே ஆட்கள். என்ன செய்வீர்கள்?" எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கிறோம். முதலாளிக்கு போன் போடுவேன் என்றால் 1. தார்ப்பாய் போட்டு மூடுவேன் என்றால் 3. எதை முதலில் அள்ளுவது என்று யோசித்து, நனைந்ததைக் காய்ந்ததோடு கலக்காமல் பிரிப்பேன் என்றால் 5. இந்த மூன்று வரியை எழுதத்தான் ஆலையில் அரைநாள் சண்டை. அந்தச் சண்டை நடந்தது நல்லது; என்ன மாதிரி ஆள் வேண்டும் என்பதே அதுவரை ஆளுக்கொரு விதமாக இருந்தது.

அடுத்தது பூட்டு. மூன்று பேர் மார்க் போடுகிறார்கள் என்றால், தன் மார்க்கைப் பதியும்வரை மற்றவருடையது ஒருவருக்கும் தெரியாது. முதலாளி 5 போட்டது தெரிந்தால் மேனேஜர் 2 போடுவாரா? அப்புறம், பதில்களை ஆள்வாரியாகத் திருத்தாமல் கேள்விவாரியாகத் திருத்த வேண்டும். ஐந்து பேரின் மழைப் பதிலையும் அடுத்தடுத்துப் படித்து மார்க் போட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்வி. முந்தைய பதிலின் வெளிச்சம் அடுத்ததில் விழாது.

கை இறுக்கம் இன்னொரு சிக்கல். ஒருவர் 4, 4, 5 என்று அள்ளிக் கொடுப்பார். இன்னொருவர் அதே மூவருக்கு 2, 2, 3. இருவரும் சொல்வது ஒன்றேதான்: மூன்றாமவர் ஒரு படி மேல். அவரவர் சராசரியைக் கழித்துவிட்டால் இது தெரிந்துவிடும். இருவரும் அதே ஆட்களைப் பார்த்திருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.

"இதையெல்லாம் ஏஐயிடம் கொடுத்தால் அதுவே சொல்லிவிடாதா?" என்று கேட்டார் ஆலைக்காரர். அமேசான் முயன்றது. பழைய விண்ணப்பங்களைப் படித்துக் கற்றுக்கொண்ட அதன் மென்பொருள், அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதால், 'பெண்கள்' என்ற சொல் இருந்த பயோடேட்டாக்களுக்கு மதிப்பைக் குறைத்தது. திட்டத்தைக் கைவிட்டார்கள், 2018இல் செய்தி வெளியே வந்தது. நேற்றுவரை எடுத்த ஆட்களையே திரும்ப எடுக்கத்தான் அதற்குத் தெரியும்.

மனதில் படுவதற்கு இடமே இல்லையா? இருக்கிறது. 1955இல் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆள் தேர்வு முறை வகுத்த உளவியலாளர் டேனியல் கானமன், ஆறு பண்புகளுக்குத் தனித்தனியே மார்க் போடச் சொன்னார். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்காணல் செய்தவர்கள் கொதித்தார்கள். சரி, எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி ஒரு மார்க் போடுங்கள் என்றார். ஆறு மார்க்கின் கூட்டலுக்குச் சமமாக அதுவும் பலித்தது. எங்கள் செயலியிலும் அந்தக் கட்டம் உண்டு. மற்ற எல்லாம் நிரம்பிய பிறகுதான் திறக்கும்.

ஆலைக்காரர் இன்னொரு கட்டமும் கேட்டார்: 'யார் சொல்லி வந்தார்?' மாட்டேன் என்றால் விடமாட்டார். வைத்துக் கொடுத்திருக்கிறேன், அதற்கும் பின்னால்.