குடும்பத்தோடு வெளிநாடு வெளிக்கிடுமுன் கொழும்பில் முடிக்க வேண்டிய அலுவல்கள்

நிரந்தர வதிவிட விசா கைக்கு வந்ததும் வீட்டில் டிக்கெட் விலையும் சூட்கேஸ் நிறையும்தான் பேச்சாக இருக்கும். அரச கந்தோர்களில் முடிக்க வேண்டிய வேலை கடைசிக் கிழமைக்குத் தள்ளிப்போகும். இது பெரிய நட்டம். கொழும்பில் இருக்கும்போது நேரில் போய் ஒரு கையெழுத்தோடு முடிகிற அலுவலை, டொரொன்டோவிலோ மெல்பேர்ணிலோ இருந்துகொண்டு செய்யப்போனால் தூதரகம், சட்டத்தரணி, கூரியர் என்று மாதக்கணக்கில் இழுபடும். கீழே சொல்லப்போகிற பலவும் சட்டப்படி உங்களுக்கு உரியவை. வேலை செய்த வருடங்களில் சேர்ந்த காசு, சொந்தப் பணத்தைக் கொண்டுபோகும் உரிமை, உங்கள் மொழியில் அலுவல் பார்க்கும் உரிமை எல்லாம் அதில் அடங்கும். யாரிடமும் கெஞ்சிப் பெற வேண்டியதில்லை.

முதலில் பெயரைப் பாருங்கள்

விமான டிக்கெட் போடுவதற்கு முன், குடும்பத்தில் ஒவ்வொருவருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பரீட்சைச் சான்றிதழ், பிறகு உங்கள் திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். ஆங்கிலத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இடத்தில்தான் அதிகம் சிக்கல் வருகிறது. தகப்பனின் கடவுச்சீட்டில் 'சிவகுமாரன்' என்று இருக்கும். மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் 'சிவகுமார்'. திருமணச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் முன்னால் நிற்கும். நமக்கு இது ஒரே ஆள். விசாக் கோப்பைப் புரட்டுகிற அதிகாரிக்கு மூன்று ஆட்கள். அதோடு நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பிள்ளைக்குத் தகப்பன் பெயர், மனைவிக்கு அவருடைய தகப்பன் பெயர். இந்த வழக்கம் அறியாத நாட்டில், தாயும் பிள்ளையும் ஒரே குடும்பம் என்று காட்ட பிறப்புச் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

பிறப்புப் பதிவிலேயே பிழை இருந்தால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் திருத்தம் கேட்டுப் பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம். இதற்குக் காலம் எடுக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள். பதிவு சரியாக இருந்து, பிந்தி எடுத்த ஆவணத்தில் மட்டும் எழுத்து மாறியிருந்தால், அந்த ஆவணத்தை மாற்றுவதே நல்லது. மாற்ற முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சத்தியக் கடதாசியை மட்டும் நம்பிப் பெரிய வித்தியாசத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அடையாள அட்டை இலக்கத்தையும் கவனியுங்கள். 2016 ஜனவரியிலிருந்து 12 இலக்க எண் வந்தது. அதற்கு முன் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். அட்டையைப் புதுப்பித்தவர்களின் வங்கிக் கணக்கும் சேமலாப நிதியும் (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் EPF) இன்னும் பழைய எண்ணிலேயே கிடக்கலாம். காசு எடுக்கப்போகும் நாளில் இது தெரிய வந்தால் ஒரு நாள் வீண். பிள்ளைக்கு 15 வயது முடிந்திருந்தால் அவருக்கும் அட்டை எடுத்துவிடுங்கள்.

பிறப்பு, திருமணப் பிரதிகளை ஆளுக்கு இரண்டு மூன்றாக எடுங்கள். ஊரில் பதிவான சான்றிதழ் என்றால் ஊருக்கே ஓட வேண்டும் என்பதில்லை. கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளின் பிரதியை வேறு பிரதேச செயலகத்திலும் பெறலாம், ஒன்லைனிலும் கேட்கலாம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் தமிழிலோ ஆங்கிலத்திலோ அரச அலுவலர்களோடு அலுவல் பார்க்கும் உரிமையைத் தந்திருக்கிறது. விளங்காத சிங்களப் படிவத்தில் பக்கத்து ஆள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். எந்தத் திணைக்களம், என்ன ஆவணம் என்று முன்கூட்டி அறிய 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.

பத்தரமுல்லைப் பயணம்

சுகுறுபாய கட்டடத்தில் மூன்று வேலை இருக்கிறது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும், ஆட்பதிவுத் திணைக்களமும், வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவும் அங்கேதான். அடையாள அட்டைக்குப் 10 ஆம் மாடி, கொன்சியூலருக்கு 16 ஆம் மாடி. பதிவாளர் நாயகம் திணைக்களமும் பத்தரமுல்லையில்தான், டென்சில் கொப்பேகடுவ மாவத்தையில். ஒரே நாளில் இரண்டு அலுவலைக் கோத்துக்கொண்டு போனால் மிச்சம். வாசலில் 'கெதியாச் செய்து தாறன்' என்று வருகிற தரகர்களிடம் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகளின் கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். தகப்பன் முன்னமே வெளிநாட்டில் என்றால், அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகம் ஊடாகச் சம்மதக் கடிதத்தை உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுவாகக் குறைந்த காலத்துக்கே கடவுச்சீட்டு தருவார்கள். விசா எடுக்கும் நேரத்தில் அது முடியும் தறுவாயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, அட்டெஸ்டேஷன், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டமைச்சில் உறுதிப்படுத்துவது. எல்லாருக்கும் இது தேவையில்லை. கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் குடிவரவு விண்ணப்பத்துக்குப் பிரதியும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் போதும். வளைகுடா நாடுகளும் இத்தாலி போன்றவையும் வெளிநாட்டமைச்சின் உறுதிப்படுத்தலையும் தங்கள் தூதரக முத்திரையையும் கேட்கும். போகும் நாடு கேட்காததற்கு வரிசையில் நின்று காசைச் செலவழிக்க வேண்டாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளை ஆங்கிலத்திலேயே பரீட்சைத் திணைக்களத்தில் கேட்டுப் பெறலாம். அதற்கு மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பொலிஸ் கிளியரன்ஸை (குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழை) ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் குறிப்பிடும் முகவரிகளுக்குரிய பொலிஸ் நிலையங்கள் விசாரித்து அனுப்பிய பிறகே அது வரும். வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு மாறி மாறி இருந்தவர்கள் எல்லா முகவரிகளையும் திகதியோடு எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். கட்டாரிலோ டுபாயிலோ வேலை செய்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழையும் தனியாகக் கேட்பார்கள். அது இலங்கைச் சான்றிதழை விடப் பிந்தும்.

வேலை விசாவில் போகிறவர்களுக்கு ஒன்று. நிரந்தர வதிவிடம் இல்லாமல் தொழிலுக்காகப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். குடும்பம் கூட வந்தாலும் இது பொருந்தும். கட்டுநாயக்காவில் நின்று யோசிக்கிற விஷயம் இல்லை. பணியகத்தின் இலக்கம் 1989.

உழைத்த காசு

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி நம்மவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி சம்பளத்தில் உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் பொதுவாக எடுக்கலாம். நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர் அந்த வயது வரை காத்திருக்கத் தேவையில்லை, முழுத் தொகையையும் கேட்கலாம். ஆனால் 'நிரந்தரமாக' என்பதைக் காட்ட வேண்டும். நிரந்தர வதிவிட விசா இருந்தால் வழி நேர். தற்காலிக வேலை விசாவையோ மாணவர் விசாவையோ வைத்துக்கொண்டு கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதற்கு வேலையை விட்டிருக்க வேண்டும். முதலாளி உங்கள் சேவை முடிவைப் பதிந்திருக்க வேண்டும். நாரஹேன்பிட்டி 'மெஹெவர பியச' கட்டடத்தில் உள்ள தொழில் திணைக்களத்திலோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ விண்ணப்பம் கொடுக்க வேண்டும். காசை மத்திய வங்கி உங்கள் இலங்கை வங்கிக் கணக்கில் போடும். ஆகவே அந்தக் கணக்கை மூடிவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். முன்பு வேலை செய்த நிறுவனங்களில் தனித்தனி அங்கத்துவ இலக்கங்கள் இருக்கும். அவை எல்லாவற்றையும் ஒரே முறையில் கேளுங்கள். பழைய கம்பனி காசு கட்டாமல் விட்டிருந்தால், முறைப்பாடு செய்து பின்தொடர நீங்கள் இங்கே இருக்கும்போதுதான் சுலபம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், முதலாளி மட்டுமே 3 சதவீதம் கட்டுவது. பலர் இதை மறந்தே போய்விடுகிறார்கள். இது தனி நிதி, தனி விண்ணப்பம்.

பணிக்கொடையும் உண்டு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் நிறைவு செய்திருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி. நீங்களாக இராஜினாமாச் செய்தாலும் உரித்துண்டு. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் முதலாளி கொடுக்க வேண்டும். நாலரை வருடத்தில் இராஜினாமாக் கடிதம் நீட்டப்போகிறவர் பயணத் திகதியை ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது.

பணத்தைக் கொண்டுபோகும் வழி 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருகிறது. நிரந்தர வதிவிடம் பெற்றவர் வங்கியில் மூலதனக் கொடுக்கல் வாங்கல் ரூபாய்க் கணக்கு ஒன்றைத் திறந்து, அதனூடாகக் குடிபெயர்வோர் கொடுப்பனவை, அதாவது கொண்டுபோக அனுமதிக்கும் சொந்தப் பணத்தை, அனுப்பலாம். இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனித்தனியாக உரியது. கணவன் பெயரில் எடுத்தாயிற்று என்று மனைவியின் பங்கை விட்டுவிட வேண்டாம். 2020 ஏப்ரலில் அந்நியச் செலாவணி நெருக்கடிக்காகத் தொகைக்கு இறுக்கமான வரம்பு போட்டார்கள். அதற்குப் பிறகு அது பலமுறை மாறிவிட்டது. சொந்தக்காரர் மூன்று வருடத்துக்கு முன் அனுப்பிய தொகையை நம்பாமல், அன்றைய வரம்பை வங்கியில் கேளுங்கள். சேமலாப நிதியும் பணிக்கொடையும் வந்ததற்கான கடிதங்களையும், வீடு விற்ற உறுதியின் பிரதியையும் தனிக் கோப்பில் வையுங்கள். காசு எங்கிருந்து வந்தது என்று வங்கி கட்டாயம் கேட்கும். இந்த வழி இருக்கும்போது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் உண்டியலில் அனுப்பினால், அங்கே வீடு வாங்கும்போது பணத்தின் மூலத்தைக் காட்ட முடியாமல் நிற்க வேண்டிவரும்.

விட்டுச் செல்கிற வீடும் காணியும்

வீட்டை வைத்துவிட்டுப் போகிறவர்கள் அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் அலுவல் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், எழுத வேண்டிவரும். நொத்தாரிசு முன் எழுதிப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். என் கருத்து: தம்பியோ மச்சானோ எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், வாடகை வாங்கவும் பில் கட்டவும் வழக்குக்குத் தோன்றவும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டும் என்ற நாள் வந்தால் அப்போது தூதரகத்தில் தனியாக எழுதலாம். வாடகை வருமானத்துக்கு இங்கே வரி தொடரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சின்ன வேலைகள் சில. பாடசாலை விடுகைப் பத்திரம், பிள்ளையின் தடுப்பூசிப் பதிவேடு இரண்டும் கைப்பையில் போக வேண்டும், சரக்கில் அல்ல. சர்வதேசச் சாரதி அனுமதிப் பத்திரத்தைக் கொழும்பு 3 இல் உள்ள ஓட்டோமொபைல் சங்கத்தில் எடுக்கலாம்.

அப்புறம் குடியுரிமை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போகும். அதைத் தக்கவைக்க விரும்புகிறவர், அந்த நாட்டில் சத்தியப்பிரமாணம் செய்வதற்கு முன்பே குடிவரவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு மீளப் பெறவும் வழி இருக்கிறது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது, இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். பெற்றோரின் காணி வாரிசாக வருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அங்கே பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் தூதரகம் ஊடாக இலங்கைக் குடியுரிமையைப் பதியுங்கள். அதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களும் திருமணச் சான்றிதழும் தேவைப்படும் என்பதால், எடுத்த பிரதிகளில் ஒரு தொகுதியை அங்கே கொண்டுபோய் வைத்திருங்கள்.