சிறுநீரகப் பரிசோதனை: கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்

சிறுநீரகம் பாதி கெட்டுப்போன பிறகும் வலி தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு வரும்போது பலருக்கு டயாலிசிஸ் தவிர வழி இருப்பதில்லை. அவர்களிடம் பேசிப் பாருங்கள். வருடக்கணக்காக சுகர் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள். ஒருமுறைகூட யாரும் சிறுநீர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2023-இல் தமிழ்நாடு அரசு 'சிறுநீரகம் பாதுகாக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து, அல்புமின் என்ற புரதம் வெளியேறுகிறதா என்று பார்ப்பார்கள். காசு கிடையாது. காப்பீட்டு அட்டையும் தேவையில்லை; அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள், மருத்துவ அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது வீட்டுக்கு வரும் மாத்திரையில்தான். 'மக்களைத் தேடி மருத்துவம்' பி.பி., சுகர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல விஷயம். ஆனால் மாத்திரை வந்துவிடுகிறதே என்று சுகாதார நிலையம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை வாங்கியதற்குப் பதிவு இருக்கும், சிறுநீரகத்தைப் பார்த்ததற்கு இருக்காது. சுகர் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமினும், ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து, சுகரும் பி.பி.யும் இல்லாதவர்கள். பி.பி., சுகர் சரியாக இருந்தால் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வயலிலும் செங்கல் சூளையிலும் உழைப்பவர்களுக்கு இரண்டும் இல்லாமலே சிறுநீரகம் கெடலாம். உடம்பு வலிக்கு ஊசியும் டைக்ளோஃபினாக் மாத்திரையும் அடிக்கடி எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். இவர்கள் "எனக்கும் சிறுநீர் டெஸ்ட் எடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் நடக்காது.

சரி, பட்டையில் புரதம் தெரிந்துவிட்டது. அலைச்சல் இங்கேதான் ஆரம்பம். "தண்ணி நிறைய குடிங்க, சரியாகிடும்" என்பார்கள். சரியாகாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் சமயத்தில் பட்டை தவறாகக் காட்டலாம் என்பது உண்மை. அதற்காகத்தான் மறுபடி பார்க்க வேண்டும், விட்டுவிடுவதற்கு அல்ல. கிரியேட்டினின் பார்க்க வட்டார சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகச் சொல்வார்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்பாதீர்கள். அங்கே "சீட்டு எங்கே?" என்று கேட்டு, பஸ்ஸுக்குக் காசு செலவழித்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பரிசோதனை முடிவு, தேதி, மருத்துவரின் கையெழுத்து மூன்றும் உள்ள பரிந்துரைச் சீட்டை வாங்கிக்கொண்டு போங்கள். போன் கேமராவில் படம் எடுத்தும் வையுங்கள்.

கிரியேட்டினின் "நார்மல்" என்று வந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். மெலிந்த பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதான பிறகும் அந்த எண் நார்மலாகவே இருக்கக்கூடும். சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்று வயதையும் சேர்த்துக் கணக்கிடும் 'இ.ஜி.எஃப்.ஆர்.' எவ்வளவு என்று மருத்துவரிடமே கேளுங்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட நோய் என்று அர்த்தம். அப்புறம் வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நாட்டு மருந்துப் பொடி, லேகியமும் வேண்டாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இதில் சேர்த்தி.

பரிசோதனை மறுக்கப்பட்டால் சுகாதார உதவி எண் 104-ஐ அழையுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் முதல்வரின் உதவி எண் 1100. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸுக்கு இடமுண்டு. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும், பெயர் விடுபடாத ரேஷன் அட்டையும் கேட்பார்கள். நோயாளி படுத்த பிறகு கிராம நிர்வாக அலுவலகத்துக்கு அலைவது பெரும் கொடுமை. சிறுநீரில் புரதம் தெரிந்த வாரமே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.