ஒருநாள் உங்கள் வாகனத்தின் பின் சீற்றில் இருந்து பாருங்கள்

பரந்தனில் கராஜ் வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் பிரேக் பாட் மாற்றவென்று ஒரு தம்பி தன் ஸ்டேஷன் வாகன் காரைக் கொண்டுவந்தார். பின் சீற்றில் அவருடைய அம்மா. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாதாமாதம் கிளினிக் போய்வருபவர். அன்றும் அங்கிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நிழலில் கதிரை போட்டுக் கொடுத்தேன். அம்மா இருக்கவில்லை, நாரியைப் பிடித்தபடி நின்றார்.

"கிளினிக்கில காத்திருந்த களைப்பைவிட இந்தக் காருக்குள்ள இருந்து வந்த களைப்புத்தான் கூட. காதுக்குள்ள இன்னும் இரையுது" என்றார்.

"அண்ணை, எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை. அம்மாவுக்கு வயசு போகுது" என்றார் மகன்.

பிரேக் வேலை முடிந்ததும் தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு, அம்மா இருந்த இடத்தில் நான் ஏறி இருந்தேன். ஆனையிறவுப் பக்கம் காப்பெற் வீதியில் 60 தொட்டதும் விளங்கிவிட்டது. முன் சீற்றில் மெல்லிய இரைச்சலாகக் கேட்பது, பின்னால் பிடரிக்குப் பக்கத்தில் நின்று உறுமியது. சீற்றில் ஸ்பொஞ்ச் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அதை மறைக்க மேலே ஒரு தலையணை. அம்மா சொன்னது அத்தனையும் சரி.

வாகன் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இந்த வகைக் கார்தான் எல்லாவற்றுக்கும். பிள்ளைகள், அம்மா அப்பா, பின்னுக்கு நெல் மூட்டை, யாழ்ப்பாணத்துச் சொந்தங்களுக்குத் தேங்காய். ஆனால் ஓட்டுபவர் இருப்பது அந்தக் காரின் மிகவும் அமைதியான, மிகவும் நல்ல சீற்றில். பின்னுக்கு இருப்பவர் படும் பாடு அவருக்குத் தெரிய வழியே இல்லை.

சாதாரணக் காரில் பின் சீற்றுக்கும் டிக்கிக்கும் இடையில் ஒரு மறைப்பு உண்டு. வாகன் காரில் அது கிடையாது. முன் கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை எல்லாம் ஒரே பெட்டி. பின் சில்லுகளின் வளைவுத் தகடும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. டிக்கி வெறுமையாக இருந்தால் அது மேளம் மாதிரி. கீழிருந்து வரும் அதிர்வை வாங்கிப் பெருக்கி, பின்னுக்கு இருப்பவரின் தலைக்கே திருப்பி அனுப்பும்.

50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால், காருக்குள் கேட்கும் சத்தத்தில் என்ஜினின் பங்கைவிட ரயரின் பங்கு பெரிதாகிவிடும். ரயர்க் கட்டைகள் வீதியில் அறைகின்றன, அவற்றின் இடைவெளிகளில் காற்று அமுங்கி வெளியேறுகிறது, ரயருக்குள் அடைத்த காற்றும் தன்பாட்டில் முழங்குகிறது. ஆனபடியால் சத்தம் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: வீதி மாறும்போது சத்தமும் மாறுகிறதா? வழுவழுப்பான காப்பெற்றில் குறைந்து, கல் துருத்திய வீதியில் கூடினால் அது ரயர். எந்த வீதியிலும் ஒரே மாதிரி உறுமி, வேகத்தோடு ஏறி, மெல்லிய வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறைந்தால் அது வீல் பெயாரிங், அதாவது சில்லைத் தாங்கிச் சுழலவிடும் பாகம். பெயாரிங் சத்தத்தோடு ஒருநாள்கூடத் தூரப் பயணம் போகாதீர்கள். முற்றினால் சில்லு ஆடத் தொடங்கும், இறுகிப் பிடிக்கவும் கூடும்.

அந்தத் தம்பியின் காரில் இரண்டும் இருந்தன. வலப்பக்கப் பின் பெயாரிங் தேய்ந்திருந்தது. பின் ரயர்கள் பாவித்த ரயர்களாக வாங்கியவை. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் இருந்த வாகனத்தையே இழுத்துப் பிடித்து ஓட்டினோம். ரயர் விஷயத்தில் அப்படி இழுக்கக் கூடாது. ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பட்டன் (ரயர்க் கட்டை) எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ஆண்டுகள் போகப் போக ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் அதிகம் சத்தம் போடும், மழை வீதியில் பிரேக்கும் பிந்திப் பிடிக்கும். காரை நிறுத்திவிட்டு ரயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, மறுபக்கம் வரும்போது வாள் பல்லுப் போல் கீறினால், எலைன்மென்டோ (சில்லுகள் நிற்கும் நேர்) சொக் அப்சோபரோ (குலுக்கலைத் தணிக்கும் பாகம்) பிழை. அதைச் சரிபார்க்காமல் புது ரயர் போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் அப்படித்தான் ஆகும்.

காற்று அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். அதைவிடக் கூட்டி அடித்தால் ரயர் கல்லாகிவிடும், ஒவ்வொரு குழியும் நேரே நாரியில் ஏறும். மூட்டை ஏற்றவென்று கூட்டி அடித்தவர்கள் இறக்கிய பிறகு குறைக்க மறந்துவிடுகிறார்கள்.

புழுதி எங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லை. ஆனால் ஒரு விதத்தில் அது எனக்கு உதவியும் செய்கிறது. கிரவல் வீதியில் ஓடி வந்த வாகன் காரின் பின்கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். எந்த இடத்தால் செம்புழுதி உள்ளே வந்து கோடு போட்டிருக்கிறதோ, அந்த இடத்தால்தான் சத்தமும் வருகிறது. சந்தேகம் என்றால் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் பீடிங் போய்விட்டது.

இது சத்தத்தோடு மட்டும் நிற்கும் விஷயமல்ல. ஓடும்போது வாகன் காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறையும், சைலென்சர் புகை அந்தப் பக்கம் சுழன்று வரும். ஓட்டை இருந்தால் உள்ளேயும் வரும். அதில் இருக்கும் காபன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளை பின்னால் நித்திரை என்று நினைப்போம், உண்மையில் மயக்கமாக இருக்கலாம். பயணம் போகும்போதெல்லாம் பின் சீற்றுக்காரருக்கு மட்டும் தலையிடி, சத்தி வருவது போல் இருக்கிறது என்றால் பீடிங்கையும் சைலென்சரையும் உடனே காட்டுங்கள். சைக்கிளையோ பலகையையோ ஏற்றிவிட்டுப் பின்கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தபடி ஓட்டுவதை வீதியில் அடிக்கடி காண்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். வேறு வழியே இல்லாத குறுகிய தூரம் என்றால், பின்னுக்கு ஒருவரையும் ஏற்றாமல், ஜன்னல்களைச் சாத்தி, ஏசியை வெளிக்காற்றில் வைத்து, விசிறியை முழு வேகத்தில் போட்டு ஓட்டுங்கள்.

சத்தம் தடுக்கும் தாள் ஒட்டித் தரும்படி கேட்டு வருகிறார்கள். ஒட்டலாம், ஆனால் கடைசியாக. பெயாரிங் உறுமும்போது தாள் ஒட்டுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்ப்பது மாதிரிதான். கூரைக்கு ஒட்டும் தார்த்தாளை மலிவு என்று வாங்கி ஒட்டாதீர்கள். எங்கள் வெயிலில் அது இளகி, காருக்குள் மணக்கும்.

அப்புறம் சீற். வாகன் காரின் பின் சீற் மடிய வேண்டும் என்பதால் அதன் ஸ்பொஞ்ச் பெரும்பாலும் மெல்லியதாகத்தான் இருக்கும், சாய்மானமும் நிமிர்ந்தே இருக்கும். மடித்த சாய்மானத்தின் மேல் நெல் மூட்டை போட்டால் உள்ளிருக்கும் கம்பிச் சட்டம் வளைந்துவிடும். இருக்கும் மனிதரின் உடல், செக்கனுக்கு 4 முதல் 8 வரையான மேல்கீழ் அதிர்வுக்குத்தான் அதிகம் குலுங்கும். நல்ல ஸ்பொஞ்சும் நல்ல சொக் அப்சோபரும் அதைத்தான் தணிக்கின்றன. இரண்டும் செத்திருந்தால் முழுவதையும் முள்ளந்தண்டு வாங்குகிறது. பம்பரின் மூலையை அமத்தி விடுங்கள். ஒருதரம் எழும்பி அடங்க வேண்டும். திரும்பத் திரும்ப ஆடினால் சொக் முடிந்தது.

தலையணை போடுவதை நான் ஏற்கமாட்டேன். அது ஆளை உயர்த்தி, ஆசனப்பட்டியை இடுப்பெலும்பிலிருந்து வயிற்றுக்கு ஏற்றிவிடும். தலையும் தலைத்தாங்கிக்கு மேலே போய்விடும். குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்து, கீழே இறுக்கமானதும் மேலே மெதுவானதுமாக ஸ்பொஞ்சை மாற்றுங்கள். சில வாகன் கார்களில் பின் சாய்மானத்தை இரண்டு மூன்று நிலைக்குச் சரிக்கலாம். அந்தப் பிடியை ஆண்டுக்கணக்காகத் தொடாதவர்கள் பலர். அம்மாமாரின் கால் பெரும்பாலும் நிலத்தில் முட்டுவதில்லை. தொடையின் அடிப்பகுதி சீற் விளிம்பில் அமுங்கிக் கால் விறைக்கும், வீங்கும். பழைய துணி இறுக்கி நிரப்பிய ஒரு பையைப் பாதத்தின் கீழ் வைத்தால் போதும்.

கொழும்புப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிறுத்துகிறோம். தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறிவிடுகிறோம். பின்னால் இருப்பவரையும் கை பிடித்து இறக்கி, ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரமாவது அப்படி இறக்குங்கள்.

அந்தத் தம்பி அன்றே பெயாரிங் மாற்றினார். பீடிங்கும் ஸ்பொஞ்சும் அடுத்த கிழமை. புது ரயர் இரண்டுக்குத்தான் காசு இருந்தது. இரண்டு மட்டும் என்றால் அவை பின்னுக்குத்தான் போக வேண்டும், வழுக்கும் வீதியில் காரின் பின்பக்கம் இழுபடாமல் இருக்க. அப்படியே போட்டேன். பிறகு ஒரு கிளினிக் நாளில் திரும்பும் வழியில் வந்தார்கள். நாரி நோ முழுதாகப் போகவில்லை, அது வைத்தியர் பார்க்க வேண்டியது. ஆனால் கதிரை போட்டதும் அம்மா இருந்தார், தேத்தண்ணி குடித்தார், வரும் வழியில் பேரப்பிள்ளையோடு கதைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். முன் ரயர்கள் இரண்டையும் அறுவடை முடிய மாற்றுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.