நெரிசலில் மட்டும் சூடாகும் டீசல் வண்டி

"திண்டிவனம் வரை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் டெம்பரேச்சர் முள் அசைவதில்லை. திரும்பி வந்து குரோம்பேட்டை சிக்னலில் மாட்டிக்கொண்டால் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. ஏ.சி. போட்டால் இன்னும் சீக்கிரம். ரேடியேட்டரைப் புதிதாக மாற்றிவிட்டோம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டோம், கூலண்டும் மாற்றியாயிற்று. வேறு என்னதான் பழுது?"

இருபது வயதைத் தாண்டிய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை இன்னும் ஆசையாக வைத்திருக்கும் வாசகரின் கேள்வி இது. அவருடைய கேள்வியின் முதல் இரண்டு வரிகளிலேயே விடை பாதி வந்துவிட்டது. பழுதைக் கண்டுபிடிக்க நான் முதலில் கேட்பதும் அதைத்தான்: வண்டி எப்போது சூடாகிறது?

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எரியும் டீசலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை, இன்ஜினுக்குள் சுற்றி ஓடும் திரவமான கூலண்ட் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே அதைக் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த ஒப்படைப்பின் வேகம் கூலண்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. மார்கழியில் காற்று 25 டிகிரி, கூலண்ட் 90 டிகிரி என்றால் வித்தியாசம் 65. சென்னையில் 2003 மே மாதம் பதிவானதுபோல 45 டிகிரி வெயில் அடித்தால் வித்தியாசமும் 45தான். அதே ரேடியேட்டர், அதே காற்றோட்டம், ஆனால் திறனில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. இதற்கு மேல், ஏ.சி.யின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே சூடாக்கி அனுப்புகிறது.

இப்போது வாசகரின் வண்டிக்கு வருவோம். நெடுஞ்சாலையில் இன்ஜின் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. அங்கே சமாளிக்கிறது என்றால் பம்ப் கூலண்டைத் தள்ளுகிறது, குழாய்கள் திறந்திருக்கின்றன, ரேடியேட்டர் வேலை செய்கிறது என்று பொருள். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் உண்டாக்கும் வெப்பம் மிகக் குறைவு. அதைக்கூட வெளியேற்ற முடியவில்லை என்றால் கூலண்டைச் சந்தேகிக்க வேண்டாம், காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று தானாக உள்ளே புகும். நிற்கும்போது அதை இழுத்துத் தர ஒரே ஆள், விசிறி. நேர்மாறாக, ஏலகிரி மலை ஏறும்போதும் நெடுஞ்சாலையில் விரட்டும்போதும் மட்டும் சூடானால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, பம்ப் தேய்மானம், சுருங்கி ஒட்டிக்கொள்ளும் கீழ் ரப்பர்க் குழாய் (ஹோஸ்) என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

அந்தக் காலத்துப் பெரிய டீசல் வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டர் விசிறியை இன்ஜினே பெல்ட் மூலம் சுழற்றுகிறது. ஆனால் நேரடியாக அல்ல, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடித்த அலுமினிய வட்டு இருக்கும். மெக்கானிக்குகள் விஸ்கஸ் ஃபேன் என்றோ ஃபேன் கிளட்ச் என்றோ சொல்வார்கள். காருக்குள் இருக்கும் எல்லாப் பாகங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரு மின்கம்பிகூட இல்லாமல், சென்சார் இல்லாமல், கணினி இல்லாமல், எப்போது சுழல வேண்டும் என்பதை இது தானே தீர்மானிக்கிறது.

ஏன் நேரடியாகச் சுழற்றக் கூடாது? விசிறி விழுங்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு திறன் தேவை. நெடுஞ்சாலையில் இன்ஜின் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும், விசிறியே வேண்டாம். அப்போதுதான் நேரடி விசிறி அதிகபட்ச டீசலைக் குடித்துக்கொண்டு இரைந்து சுற்றும். சிக்னலில் விசிறி மிகவும் தேவை, ஆனால் இன்ஜின் மெதுவாக ஓடுகிறது. தேவையும் வேகமும் இப்படி எதிரெதிராக நிற்கின்றன.

கிளட்ச்சின் உள்ளே பெல்ட்டோடு சேர்ந்து சுழலும் ஒரு தட்டு இருக்கிறது. விசிறி இறக்கைகள் பொருத்தப்பட்ட வெளிக்கூடு, பேரிங் மீது தனியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டின் முகத்திலும் வட்ட வட்டமாக வரப்புகள். ஒன்றின் வரப்பு மற்றதன் பள்ளத்துக்குள் நுழைந்திருக்கும், ஆனால் தொடாது. இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த இடைவெளியில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் புகுந்தால், உள்தட்டு சுழலும்போது எண்ணெயின் பாகுத்தன்மை வெளிக்கூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே விளக்கெண்ணெய் ஊற்றி மேல்தட்டைத் திருப்பிப் பாருங்கள், கீழ்த்தட்டும் சோம்பலாகப் பின்தொடரும். அதேதான். எண்ணெய் இல்லாவிட்டால் விசிறிக்கு இழுவை கிடைக்காது.

சரி, எண்ணெயை எப்போது உள்ளே விடுவது? கிளட்ச்சின் முன்முகத்தில், ரேடியேட்டரைப் பார்த்தபடி, கடிகாரச் சுருள்போல ஒரு சின்ன உலோகச் சுருள் தெரியும். அது வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தன் கப்பல் கடிகாரம் வெப்பத்தில் நேரம் தவறாதிருக்கக் கையாண்ட உத்தி அது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் சுருள் முறுக்கிக்கொள்ளும். அதோடு இணைந்த ஒரு மெல்லிய தகடு உள்ளே நகர்ந்து துளை ஒன்றைத் திறக்கும். சேமிப்பு அறையில் இருக்கும் எண்ணெய், சுழற்சியின் வேகத்தில் வெளிநோக்கி வீசப்பட்டு, துளை வழியே வரப்புகளுக்குள் பாயும். விசிறி வேகமெடுக்கும்.

காற்று குளிர்ந்ததும் சுருள் தளர்ந்து துளை மூடிக்கொள்கிறது. உள்ளே போன எண்ணெய்? ஓரத்தில் ஒரு சிறு மேடு, சுழலும் எண்ணெயை வழித்து வழித்து இன்னொரு துளை வழியாகச் சேமிப்பு அறைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வரவு நின்றதும் வரப்புகள் காலியாகின்றன, விசிறி தளர்கிறது.

எண்ணெயின் தேர்விலும் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண இன்ஜின் ஆயில் சூடாகச் சூடாக நீர்த்துப்போகும். விசிறி மிகவும் தேவைப்படும் தருணத்தில் கைவிட்டுவிடும். சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி மூலக்கூறுகளைக் கொண்ட சிலிக்கோன் எண்ணெய் வெப்பத்தால் அவ்வளவாக நீர்த்துப்போவதில்லை. மேலும், எண்ணெய் முழுதாக நிறைந்தாலும் கொஞ்சம் வழுக்கும் என்பதால், இன்ஜின் எவ்வளவு விரைந்தாலும் விசிறி ஒரு வேகத்துக்கு மேல் போகாது.

இதைப் புரிந்துகொண்டால் சோதனை எளிது. இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் வரப்புகளுக்குள் கசிந்து இறங்கியிருக்கும். அதனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் விசிறி லாரிபோல இரைந்து, ஓரிரு நிமிடத்தில் அடங்க வேண்டும். அந்த இரைச்சல் எப்போது கடைசியாகக் கேட்டது என்று யோசியுங்கள். நன்கு சூடான வண்டியை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, விசிறியைக் கையால் சுழற்றுங்கள். தடை தெரிய வேண்டும். தட்டிவிட்டதும் இரண்டு மூன்று சுற்று தடையின்றி ஓடினால் எண்ணெய் போய்விட்டது. கிளட்ச்சின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் கோடு கோடாகப் படிந்திருப்பது இன்னொரு சாட்சி. ஓடும் விசிறிக்குள் சுருட்டிய செய்தித்தாளை நீட்டிப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டு உடைந்திருந்தாலும் இதே அறிகுறிதான்: விசிறி ரேடியேட்டர் வழியே இழுக்காமல், பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி அள்ளும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அப்பிக்கிடக்கும் தூசியையும் பூச்சிகளையும் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்நோக்கி, மிதமான தண்ணீரால் கழுவ வேண்டும். ஏ.சி. போட்டதும் முன்னால் உள்ள சிறு மின்விசிறி சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

கிளட்ச் பழுது என்றால் புதிது போடுவதே நல்லது. சில வகைகளில் திருகாணிகளைக் கழற்றிச் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பலாம். தயாரிப்பாளர் சொன்ன கெட்டியில் வாங்க வேண்டும். கழற்றும்போது கவனம், பல வண்டிகளில் அந்த நட் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் கழலும். புதுப்பேட்டையில் பழையது வாங்கப் போனால், நிமிர்ந்து நிற்காமல் குப்புறக் கிடந்த கிளட்ச்சைத் தொடாதீர்கள், படுக்க வைத்தால் எண்ணெய் கசிந்துவிடும். போல்ட் போட்டு நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. "சென்னை வெயிலுக்கு அது எதற்கு" என்று கழற்றி எறிவது கிரில்லில் எலுமிச்சை மிளகாய் கட்டுவதைவிட ஆபத்தான மூடநம்பிக்கை. எலுமிச்சை இன்ஜினை ஒன்றும் செய்யாது. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு 80 டிகிரியைத் தாண்டியதும் உருகி விரிந்து, கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கிறது. அது இல்லாத டீசல் இன்ஜின் சூடேற நேரமெடுத்து, கரியைக் கக்கி, ரிங்குகளைத் தேய்த்துக்கொள்கிறது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்குவழியை மூடவும் செய்யும். அங்கே அதைக் கழற்றினால் சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும், வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடாகும். வாசகர் முதல் வேலையாக அதைத் திரும்பப் பொருத்த வேண்டும்.

தண்ணீரும் முக்கியம். நம் ஊர் போர்வெல் நீரில் சுண்ணாம்பு அதிகம், கடலோரப் பகுதிகளில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. கால்சியம் கார்பனேட் சர்க்கரைக்கு நேர்மாறு: நீர் சூடாகச் சூடாகக் கரைதிறன் குறையும். எனவே இன்ஜின் ஹெட்டில் எந்த இடம் மிகச் சூடோ அங்கேயே படியும். அந்தப் படிவம் வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. காய்ச்சி வடித்த நீரும் (டிஸ்டில்டு வாட்டர்) கடையில் விற்கும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் நீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். அது கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் நீரே சிறந்தது என்பதால், பாதிக்கு மேல் கலப்பதில் பயனில்லை.

இங்கே ஓர் ஆதங்கம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே பெயர் பெற்றது. சென்னையின் நீர், சென்னையின் வெயில், இங்கே விற்கும் கூலண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துச் சோதித்து, முடிவுகளை மெக்கானிக்குகளுக்குத் தமிழில் தர இதுபோன்ற நிறுவனங்களுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். பெரிய தொகை ஆகாது. மின்வண்டிகளின் பேட்டரியைக் குளிர்விக்கவும் இதே கூலண்ட் அறிவுதான் வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அதன் ஸ்பிரிங் உள்ளழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய ஒரு பார் கூடுதலாக உயர்த்தி நிறுத்துவதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 வரை கொதிக்காமல் தாங்குகிறது. சென்னையின் சுந்தரம் பாஸ்டனர்ஸ் 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே இந்த மூடிகளைச் செய்து அனுப்பியது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சூடானால்தான், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்ற பயம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, திறந்த ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழி வந்தாலோ, சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது. அப்போது ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பித் தளம் சரிபார்க்க வேண்டும்.

கிளட்ச் கிடைக்கும்வரை நெரிசலில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர், அதற்குத் தனி மின்விசிறியும் உண்டு. முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். பச்சைத்தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விட்டுவிடும்.